சிவப்பு டேக் சாரின் நாவல்

ஓசூரில் ஓவியமாகச் சுவரேறிய எந்தக் கடவுளும் சிவப்பு டேக் சாரின் கண்ணுக்குத் தப்பியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் அவர் எங்கள் கம்பெனியின் தரப் பரிசோதகர். தேறாத உதிரிபாகத்தில் காரணம் எழுதிச் சிவப்பு டேக் கட்டுவார், தேறினால் பச்சை. ஷிப்ட் முடிந்ததும் ஓவியங்களைப் பரிசோதிக்கக் கிளம்பிவிடுவார். நாலு பேர் படிக்கும் சிறுபத்திரிகையில் அவர்தான் கலை விமர்சகர்.

ஆயுத பூஜைக்குச் சரஸ்வதி வரைந்த பெயின்டரிடம், "வீணை புடிச்ச கையில வெயிட்டே இல்லியேப்பா" என்றார்.

"சாமிக்கு ஏது சார் வெயிட்டு?"

அதற்குப் பதிலாக மூன்று பக்கக் கட்டுரை வந்தது. நான் படித்துக் காட்டினேன். பெயின்டர் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கையை அழித்து வரைந்தான்.

அவர் ஒரு நாவலும் எழுதினார். எட்டு வருஷமாக, பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில். வீட்டில் கரையான் என்று அந்தத் தாள்கட்டைக் கம்பெனியில், தேறாத பாகங்கள் வைக்கும் ரிஜெக்ட் அலமாரியில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறை முடித்ததும் அதற்கும் சிவப்பு டேக்தான். காரணம்: 'அம்மா சாகும் இடத்தில் பொய் இருக்கிறது.' மறுபடி எழுதுவார்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பச்சை கட்டுங்க சார்" என்றேன்.

"நீ அழுதா பாஸாயிடுமா?"

அவர் தங்கை கல்யாணத்துக்கு நாகரசம்பட்டி போயிருந்த வாரம் ஆடிட் வந்தது. அதற்காக அலமாரியைக் காலி செய்தார்கள்; சிவப்பு டேக் கட்டியதெல்லாம் ஸ்கிராப் லாரியில் ஏறியது. நாவலும்தான்.

பாகலூர்க்காரரான ஸ்டோர்கீப்பர் நாராயணப்பா அழாத குறை. "சிவப்பு டேக் இருந்திச்சு சார், உங்க கையெழுத்தும் இருந்திச்சு. நான் இன்னா பண்றது?"

சார் கத்துவார் என்று காத்திருந்தோம். "முறைப்படிதான் செஞ்சிருக்கீங்க" என்றார். காலி அலமாரித் தட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார். அதன்பின் கடவுள்களைக்கூட அவர் பார்க்கவில்லை.

அம்மா சாகும் பக்கம் மட்டும் என்னிடம் இருந்தது. இன்னொருமுறை படிக்க வீட்டுக்குத் திருடிக்கொண்டு போயிருந்தேன். திருப்பிக் கொடுத்தேன். "அதுலதான் பொய் இருக்கு. நீயே வெச்சுக்க" என்றார்.

இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் பச்சை டேக் கட்டி, பரிசோதகர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. சார் பார்த்தால் பிடுங்கி எறிந்து சிவப்பு கட்டுவார். கட்ட வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.