லோகநாதன் வீட்டு டிவியில் மூன்று பிறவி

1995ஆம் ஆண்டு ஆடி மாதம். இரும்புலியூரில் லோகநாதன் வீட்டு வாசலில் செருப்புகள் தெருவரைக்கும் வழிந்து கிடந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சாவு வீடு என்று நினைத்து உச்சுக் கொட்டினார்கள். அவர்கள் நினைத்ததில் பெரிய தவறில்லை. உள்ளே ஒன்று செத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பெயர் யோசனை.

உள்ளே கூடத்தில் கம்ப்யூட்டர் சாமி எழுந்தருளி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

லோகநாதனின் அப்பா நெல் விளைத்த நிலம் மனைகளாகி விற்றுப்போனதில், அந்தத் தெருவிலேயே பெரிய கலர் டிவி லோகநாதன் வீட்டுக்கு வந்தது. டிவி வந்த பிறகு மச்சான் தனக்கோடி வந்தார். அவர் குரோம்பேட்டையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர். வீட்டுக்கு வீடு கேபிள் வந்ததும் கடை படுத்துவிட்டது. மிஞ்சியவை மூன்று: ஒரு கம்ப்யூட்டர், ஒரு விளையாட்டு இருந்த பிளாப்பி, கம்ப்யூட்டரில் ஓடும் படத்தை டிவிக்குக் கொண்டுவர ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சின்ன டப்பா. மூன்றையும் சேர்த்தால் விளையாட்டு. கூடவே ஒரு காவி வேட்டியைச் சேர்த்தால் சாஸ்திரம்.

முதல் நாள் அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிற இடங்களில் தூசி ஆகாது என்று செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். ஆகவே யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். செருப்பைக் கழற்றிய கால் சும்மா நிற்கும். கை சும்மா இருக்குமா? ஒரு அம்மாள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சத்தியமா அதுவரைக்கும் கேம் காட்டத்தான் வெச்சிருந்தான்" என்று லோகநாதன் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஒரு மனிதனைக் கெடுக்கப் பெரிய பாவம் தேவையில்லை. இடம் மாறி விழுந்த ஒரு கும்பிடு போதும்.

டிவியில் ஒரு குட்டி மனிதன் இருட்டான கோட்டைக்குள் ஓடுவான். வழியில் பள்ளம் வரும், நெருப்பு வரும். தாண்டினால் பிழைத்தான், விழுந்தால் போனான். அவனுக்கு மூன்று உயிர். உலகம் முழுக்க அந்த மாதிரி விளையாட்டில் மூன்று உயிர்தான் கொடுப்பார்கள். தனக்கோடி அதற்குப் பொருள் சொன்னார்:

"முதல் உயிர் போன பிறவி. ரெண்டாவது இந்தப் பிறவி. மூணாவது அடுத்த பிறவி. ஓடறான் பாருங்க, அது நீங்கதான்."

மூன்று உயிரும் போனதும் திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து வரும். டிவியில் அது கலங்கலாகத் தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"படிக்காதீங்க சார், அது தேவ எழுத்து. கண்ணு போயிடும்" என்றார் தனக்கோடி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்வை போய்விடுமோ என்று பயந்து, பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்!

முறை எளிது. கூடத்து மூலையில் புடவையால் ஒரு மறைப்பு. உள்ளே கம்ப்யூட்டரின் எழுத்துப் பலகை, மேலே சிவப்புப் பட்டு. பலன் கேட்பவர் மறைப்புக்குள் உட்கார்ந்து வலது உள்ளங்கையைப் பட்டின் மேல் வைக்க வேண்டும். வெளியே டிவியில் அவருடைய உயிர் ஓடும். தனக்கோடி டிவி பக்கத்தில் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய வலது கை எப்போதும் ஒரு காவிப் பைக்குள் இருக்கும். உள்ளே ஜெபமாலை உருள்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கை வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. திருநீறு கொடுப்பதும் இடது கையால்தான். கடைக்காரர் மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டினால் சண்டைக்குப் போகிற ஜனங்கள், இங்கே இடது கைத் திருநீற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

முதல் தடவை வந்த யாரும் பள்ளத்தைத் தாண்டியதில்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பரிகாரம் செய்தவர்கள் எல்லோரும் தாண்டினார்கள். பரிகாரத்துக்குக் காணிக்கை உண்டு. தெய்வம் தோஷத்தையும் ரசீதையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தெருவின் கோடியில் அஞ்சம்மாள் என்ற விதவையும் அவள் மகள் காந்திமதியும் இருந்தார்கள். காந்திமதி தையல் தைத்துக் குடும்பத்தை நடத்தினாள். கோவளத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரி செல்வம்மாளுக்குத் தினமும் அவள் வீட்டில்தான் தண்ணீர். மற்ற வீடுகளில் தண்ணீரைத் தூக்கிக் கையில் ஊற்றுவார்கள். காந்திமதி தான் குடிக்கிற சொம்பிலேயே கொடுப்பாள், கூடையையும் இறக்கி வைப்பாள். இதைப் பெரிய தர்மம் என்று அவள் நினைத்ததில்லை. நல்ல தர்மத்துக்கு அதுதான் அடையாளம்.

ஆவணி பிறந்ததும் காந்திமதிக்குக் குரோம்பேட்டையில் ஒரு வரன் கூடியது. பையன் ஜெயவேலு டிப்ளமோ படித்தவன், நல்ல வேலை. முதல் ஞாயிறு காலை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அவன் அம்மா அங்காளம்மாள் தட்டோடுதான் வந்தாள். ஆனால் அஞ்சம்மாள் வீட்டுக்கு வரவில்லை. நேரே லோகநாதன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா மிஷின் ஒரு வார்த்தை சொல்லிடட்டும். தாண்டினா இங்கயே தட்டு மாத்திக்கலாம். விழுந்தா, ஒன்பது வாரம் காத்திருக்க என்னால முடியாதும்மா. பல்லாவரத்துல வேற ஜாதகம் வந்து நிக்குது."

ஜெயவேலு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். படித்த படிப்பை அம்மாவிடம் காட்டுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற பிள்ளை.

காந்திமதியை அழைத்து வந்தார்கள். கூடம் நிறையக் கூட்டம். அவள் கை நடுங்கியது.

"கூட ஒரு பொம்பளை உள்ள உக்காரணும். பெத்தவ ஆகாது, ரத்தம் குறுக்க வரும்" என்றார் தனக்கோடி. வியாபார ஆசையில் மேலும் ஒரு வார்த்தை விட்டார்: "பொண்ணுக்குத் தோஷம் இருந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் ஒட்டும்."

அவ்வளவுதான். நேற்றுவரை காந்திமதியிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட பெண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் குந்திக்கிறேன்" என்று வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

செல்வம்மாள். தலையில் சும்மாடு, பக்கத்தில் கூடை.

"நீயா? கவிச்சி மிஷினுக்கு ஆகாது" என்றார் தனக்கோடி.

"கூடையை வெளிய வெச்சிட்டு வரேன் சாமி. தோஷம் ஒட்டிக்கும்னு எல்லாரும் பயந்துகினு நிக்கிறாங்கோ. எனக்கின்னா? புருசனைக் கடலு எடுத்துகினு பன்னெண்டு வருசம் ஆவுது. இனிமே ஒட்டறதுக்கு எடம் ஏது?"

கூட்டம் "உக்காரட்டும் சாமி" என்றது. தங்களுக்கு ஒட்டாமல் போனால் சரி. செல்வம்மாள் வாசலுக்குப் போய்க் கூடையை வைத்துவிட்டு, மடியில் எதையோ சொருகிக்கொண்டு வந்தாள். கூடத்தில் ஆடி மாதம் முழுக்கப் போட்ட சாம்பிராணியில் யாருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை.

மறைப்புக்குள் போகும் முன் அவள் ஒரு தரம் நின்று தனக்கோடியின் காவிப் பையைப் பார்த்தாள். மூன்று வாரமாக ஜன்னல் வழியாக அவள் பார்த்துவந்ததும் அதைத்தான். டிவியை அவள் பார்த்ததே இல்லை. தூண்டில்காரன் வீட்டில் வாழ்ந்தவள். மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, தண்ணீரைப் பார்க்க மாட்டாள், பிடித்திருக்கிற கையைப் பார்ப்பாள்.

புடவை மூடியது. தனக்கோடி கண்ணை மூடினார். டிவியில் குட்டி மனிதன் ஓடினான். முதல் பள்ளம், விழுந்தான்.

"போன பிறவியில ஒரு கர்ப்பிணிக்குச் சோறு போடாம விரட்டியிருக்கு" என்றார் தனக்கோடி.

"ஐயோ" என்றது கூட்டம்.

இரண்டாவது உயிர் நெருப்பில் விழுந்தது. "இந்தப் பிறவியில போற வீட்டுல மாமியாருக்கு ஆகாது."

அங்காளம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். மூன்றாவது உயிரும் போனது. அதற்கும் ஒரு பலன் இருந்தது; அஞ்சம்மாளின் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை.

"நல்ல வேளை, தெய்வம் காட்டிக் குடுத்துது. எழுந்திரு ஜெயவேலு" என்று அங்காளம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா" என்று மறைப்புக்குள்ளிருந்து செல்வம்மாள் சொன்னாள். புடவையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

காந்திமதியின் இரண்டு கைகளும் செல்வம்மாளின் மடியில், அவள் உள்ளங்கைக்குள் இருந்தன. சிவப்புப் பட்டின் மேல் ஒரு முழ நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு வாளைக் கருவாடு படுத்திருந்தது.

"பொண்ணு கை குந்துனதுல இருந்து இங்கதான் கீது. நடுங்கிச்சு, புடிச்சிகினேன். மிஷின் மேல கீறது கருவாடு. இப்ப சொல்லு சாமி, சோறு போடாம வெரட்டுனது யாரு? இந்தக் கருவாட்டுக்கா மாமியாரு கீது?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு தொற்றுநோய். தோஷத்தை விட வேகமாக ஒட்டும்.

தனக்கோடி சளைத்தவர் இல்லை. "பொண்ணு பக்கத்துல இருந்தாலே போதும்! கதிர் காத்துல போவும்! சயின்ஸ் தெரியாம பேசாத!"

"சரி சாமி, எனக்குச் சயின்சு தெரியாது. கும்பிடத் தெரியும். மறுபடி ஓட விடு. அது ஓடறப்ப நீ எழுந்து, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிச் சாமியக் கும்பிடு. நாங்களும் கும்பிடறோம்."

எவ்வளவு சின்ன வேண்டுகோள்! கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கியது. தனக்கோடி இடது கையைத் தூக்கினார்.

"வலது கை?" என்று கேட்டார் ரயில்வேக்காரர். அவருக்குக் கண் திறந்திருந்தது.

"ஜெபம் பாதியில நிக்கக் கூடாது."

"மச்சான்" என்றார் லோகநாதன். "என் வூட்டுல வெச்சு கேக்குறாங்க. தூக்குடா கையை."

டிவியில் குட்டி மனிதன் புதிதாக வந்து நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். ஓடவும் இல்லை, விழவும் இல்லை; இத்தனை பேர் கும்பிட்டும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. எல்லார் கண்ணும் காவிப் பையின் மேல் இருந்ததால் அதற்குள்ளும் அசைவில்லை. லோகநாதன் காவிப் பையைப் பிடித்து இழுத்தார். வீடியோ கேம் கடையில் பிள்ளைகள் கட்டைவிரலால் அழுத்துவார்களே, அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி கையோடு வெளியே வந்தது. அதன் ஒயர் வேட்டிக்குள் போய், பாய்க்கு அடியில் ஓடி, கம்ப்யூட்டரின் பின்னால் முடிந்தது. ஜெபமாலை ஒன்றும் இல்லை. சிவப்புப் பட்டுக்குக் கீழே இருந்த பலகையின் ஒயரோ எதிலும் சேராமல் மறைப்புக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

மூன்று மாத தெய்வம் மூன்று நிமிடத்தில் கேம் கடையானது. காணிக்கையை எல்லாம் திருப்பித் தருவதாக லோகநாதன் சொன்னார். சிலர் தனக்கோடியை அடிக்கப் போனார்கள். செல்வம்மாள்தான் தடுத்தாள்: "விடுங்கோ. அவுரு பொய் சொன்னாரு, நாம வரிசையில நின்னு வாங்கிகினோம்."

அங்காளம்மாள் அசடு வழியச் சிரித்துக்கொண்டு தட்டை மறுபடி கீழே வைத்தாள். "நல்ல வேளை, தெய்வம் காட்டிக் குடுத்துது. வாம்மா காந்திமதி, தட்டு மாத்திக்கலாம்."

காந்திமதி எழுந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்றாள்.

அந்தக் கூடத்தில் இத்தனை நாளில் அந்த வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. அஞ்சம்மாள் திடுக்கிட்டாள். ஜெயவேலு தலை குனிந்தான்.

"நான் வாசல்லயே யோசிச்சிருக்கணும்" என்றான் மெல்ல.

அடுத்த ஞாயிறு அவன் அம்மா இல்லாமல் தனியாக வந்தான். காந்திமதி தண்ணீர் கொடுத்தாள், அதே சொம்பில். மீதியைப் பற்றி அவர்கள் இருவரும் யோசித்துக்கொள்வார்கள். நமக்கு அங்கே வேலை இல்லை.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செல்வம்மாள் கருவாட்டை எடுத்துக் கூடையில் போட்டாள். ஒரு அம்மாள் ஓடி வந்தார். டிவியை முதன்முதலாகக் கும்பிட்டாரே, அவரேதான்.

"ஏம்மா, பொய்யைக் கண்டுபிடிச்ச கருவாடு அது. சக்தி இல்லாமலா? எனக்குக் குடு, பூஜையில வெக்கிறேன்."

செல்வம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துன்றதுக்குக் கேளு, சும்மாவே தரேன். கும்புடறதுக்குன்னா, காசு குடுத்தாலும் கிடையாது."

கடவுளுக்கு நம் கும்பிடு போதும். நம் அறிவையும் காணிக்கையாகக் கேட்கும் அளவுக்கு அவர் ஏழையில்லை. எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றுங்கள், அது மரியாதை. மூளையையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது செருப்பு மட்டும்தான் இருக்கும்.