சொட்டு நின்ற ட்ரம்பெட்

ஒழுங்காக ஓடும் பொருளைப் பழுது பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரி கிளீனர், கோழிப்பண்ணைக் காவல், போர்வெல் போடும் ரிக் வண்டி என்று ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ரிக்கில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: குழாயில் சொட்டு விழுந்தால் உடனே அடைக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் ரிக் வேலை நின்றுபோக, சேலத்தில் சகாயத்தின் பேண்டு செட்டில் டிரம் தூக்கச் சேர்ந்தேன். (தூக்க மட்டும். அடிக்க வேறு ஆள்.) சகாயம் என்னைவிடப் பத்து வயது இளையவன். தங்கை ஸ்டெல்லாவின் கல்யாண வேலையாக அலைந்துகொண்டிருந்தவன், தன் ட்ரம்பெட்டை என்னிடம் கொடுத்தான்.

"சும்மா ஊதிப் பழகுங்ணா. திங்கக்கெழமை மட்டும் எனக்கு வேணும். ஸ்டெல்லா கோயிலுக்குள்ள வாரப்ப நான் வாசிக்கோணும். அப்பா இருந்தா கையப் புடிச்சுக் கூட்டியாந்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானுங்களே."

ஊதினால் சத்தம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் காற்று வந்தது. உதட்டை இறுக்கி ஊதியபோது, கன்று ஈனும் எருமை முனகுவதுபோல ஒன்று வந்தது. பக்கத்து வெள்ளிப் பட்டறையில் சுத்தியல்கள் நின்றன. "அங்க யாருக்குங்க ஒடம்புக்கு முடியல?" என்று ஒரு குரல் கேட்டது. வாயெல்லாம் பித்தளை வாடை. உதடு வீங்கி, டீ குடிக்க முடியவில்லை. ஆனாலும் விடாமல் ஊதியதில் ஒரே ஒரு சுரம் சுத்தமாக வந்தது. நான் போட்ட ஒரு போரில்கூடத் தண்ணீர் பீறிட்டபோது அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன். குழலின் வளைவிலிருந்து தண்ணீர் சொட்டியது. அங்கே ஒரு சின்ன ஓட்டை, அதன்மேல் ஸ்பிரிங் வைத்த மூடி. வளைவோ இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்தது. பாவம், தங்கை கல்யாணத்தில் ஓட்டைக் குழலையா வாசிப்பான்? லாரி டேங்க் ஒட்டும் பசையை வாங்கி மூடியோடு சேர்த்து ஓட்டையை அடைத்தேன். ஆடிய வளைவையும் அசையாமல் ஒட்டினேன். (மேலே பாலிஷ் வேறு.) பிறகு இரண்டு நாள் ஊதியும் ஒரு சொட்டு விழவில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் கொளகொளத்தது. என் வாசிப்பே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். சகாயத்திடம் சொல்லவில்லை; அவனே பார்த்து அசந்து போகட்டும் என்று பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் ஸ்டெல்லா நின்றாள். எல்லோரும் எழுந்தார்கள். சகாயம் கண்ணை மூடி ஊதினான். கோயில் முழுக்க யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம்!

மூச்சில் ஊறும் ஈரம் குழலுக்குள் தேங்கும், அதை வடிக்கத்தான் அந்த ஓட்டை என்பது அங்கே நின்றபடிதான் எனக்குப் புரிந்தது. சகாயம் மூடியை அமுக்கிப் பார்த்தான், அசையவில்லை. வளைவைக் கழற்றி உதறப் பார்த்தான்; வரவில்லை. (ரிக் வேலை, எப்படி வரும்?) மறுபடி ஊதினான், மறுபடி கொப்பளித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பாதி வழியில் நின்றுவிட்ட ஸ்டெல்லா, அண்ணனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மீதித் தூரத்தைப் பாட்டில்லாமலே நடந்தாள்.

வெளியே வந்ததும் சகாயம் கேட்டான். "இதுல யாருங்ணா கை வெச்சது?"

"நான்தான் சாமி. ஒழுகுச்சு, அடைச்சுட்டேன்."

அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது ஒழுகோணுமுங்ணா" என்றான். அவ்வளவுதான்.

இப்போது ஸ்டெல்லாவின் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், "மாமனக் கூப்புடுங்க, பசையோட வந்துருவாரு" என்று என்னைச் சொல்லி அந்த வீடே சிரிக்கிறது. முதலில் சிரிப்பவன் நான்தான். கல்யாண வீடியோவில் மட்டும் அந்த இடத்தில் வீடியோக்காரர் வேறு எங்கிருந்தோ ஓர் இசையைப் போட்டிருக்கிறார். திரையில் சகாயத்தின் கன்னம் உப்புகிறது; வாசிப்பது வேறு யாரோ. அது வரும்போதெல்லாம் சகாயம் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறான்.