ஒத்தக்கால் மாஸ்டரும் எங்கள் வீட்டு நடுக்கதவும்

சண்டைப் படத்தில் கதாநாயகன் நல்லவனாக இருப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. அது அவன் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவனை இடைவேளை வரை உதைத்து, உருட்டி, பல்லைக் கழற்றி, "போய் ஒழுங்காக வித்தை கற்றுக்கொண்டு வா" என்று துரத்தி ஆளாக்குகிறானே, அந்த வில்லன்தான் படத்துக்கே முதலாளி. இந்த உண்மையை நான் பத்தொன்பது வயதில் பதுளை டவுன் தியேட்டரில், கேலரி பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அப்போதும் நான் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் கொழுந்து எடுத்தோம், அண்ணன் முருகேசு பெக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் நானும் பஸ் பிடித்து டவுனுக்குப் போவோம். சீனச் சண்டைப் படம் என்றால் எந்தப் படம் என்றுகூடக் கேட்க மாட்டோம். எங்கள் வில்லன் இருக்கிறாரா என்று மட்டும் சுவரொட்டியில் பார்ப்போம்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. பெயர் போடுவதெல்லாம் சீன எழுத்தில், கீழே ஓடுவது இங்கிலீஷில். இரண்டும் எங்களுக்கு ஒன்றுதான். அதனால் நாங்களே "ஒத்தக்கால் மாஸ்டர்" என்று பெயர் வைத்தோம். ஏனென்றால் அந்த மனிதரின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் இருந்து நான் பார்த்ததில்லை.

மற்ற வில்லன்கள் கத்துவார்கள், கையை வீசுவார்கள், மேசை நாற்காலியை உடைப்பார்கள். இவர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். தோள் அசையாது, முகத்தில் ஒரு கோபம் இருக்காது. வலது முழங்கால் மட்டும் மெல்ல உயர்ந்து அங்கேயே ஒரு கணம் நிற்கும். எதிராளி யோசித்துக்கொள்ளட்டும் என்று நேரம் கொடுப்பார் (அவ்வளவு மரியாதை தெரிந்தவர்). பிறகு நெஞ்சில் ஒன்று, முகத்தில் ஒன்று, மறுபடி நெஞ்சில் ஒன்று. அத்தனையும் அதே காலால், நடுவில் தரையைத் தொடாமல். உதை வாங்கியவன் போய் விழுந்து முடிப்பதற்குள் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பி நடப்பார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். கேலரியில் நாங்கள் நாலு பேர் மட்டும் எழுந்து நின்று கைதட்டுவோம். மற்ற சனம் உட்காரச் சொல்லி ஏசும்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நாலு பேரும் எழுந்து வெளியே வந்துவிடுவோம். கடைசிச் சண்டையில் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் பார்க்கவில்லை. எங்கள் கண்ணுக்குப் படாதவரைக்கும் மாஸ்டர் தோற்கவே இல்லை. இத்தனை படத்திலும் ஒரு தடவைகூடத் தோற்காத ஆள் அவர் என்று நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே கூட நிற்கும் பெண்களிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

வெளியே வந்தால் எதிரில் ஒரு தேத்தண்ணிக் கடை. துக்க வீட்டில் இருந்து வந்தவர்களைப் போல நாலு பேரும் பேசாமல் பிளேன்டீ குடிப்போம். அங்கே வேலை செய்த தங்கவேலு என்ற இளைஞர் தேத்தண்ணியோடு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பார். எனக்கு வரும் துண்டு மட்டும் அண்ணனுக்கு வருவதைவிடப் பெரிதாக இருக்கும். நான் அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். கருப்பட்டி வாராவாரம் வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் ஒருநாள், தங்கவேலுவுக்கு என்னைப் பெண் கேட்டு ஆள் வந்தது. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது ஹாலிஎலப் பக்கத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்த தாய்மாமன். அந்த மாமா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. "அடக்கமான புள்ளைன்னு கேள்விப்பட்டேன், வாற ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். (யாரிடம் கேள்விப்பட்டார் என்பது இன்றுவரை தெரியவில்லை.) எனக்குத் தங்கவேலுவைக் கட்டிக்கொள்ள ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொள்ளை ஆசை. தியேட்டருக்கு எதிர்க்கடை என்பதும் அந்த ஆசையில் ஒரு பங்கு.

இப்போது எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் உட்காரப் படுக்க ஒரு காம்பரா, பின்னால் சமைக்கக் குசினி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. மழை தொடங்கினால் அது ஊறி, உப்பி, நிலையோடு ஒட்டிக்கொள்ளும். கையில் சட்டி பானையோடு வந்தால் உதைத்துத்தான் திறக்க வேண்டும். அம்மா குதிகாலால் உதைப்பார், அண்ணன் முட்டியால் இடிப்பான். நான் மட்டும் முறைப்படி செய்வேன். முழங்காலை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, பாதத்தைத் தட்டையாக வைத்து ஒரே உதை. கை நிறையச் சாமான் இருப்பதால் மாஸ்டரின் முறைக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது.

அந்த ஞாயிறு விடிந்ததும் நான் ஆற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுப் பின்வாசல் வழியாகக் குசினிக்குள் வந்தேன். நான் ஆற்றில் இருந்த நேரத்தில் என் அருமை அண்ணன், தங்கச்சி தட்டோடு வரும்போது கதவு சிக்கி அவமானமாகிவிடக் கூடாதே என்று, இழைப்புளி இரவல் வாங்கிக் கதவின் ஓரத்தை இழைத்து, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறான். சுண்டுவிரலால் தொட்டால் திறக்கும். நல்ல காரியம்தான். அதை என்னிடம் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல காரியமாக இருந்திருக்கும்.

வந்தார்கள். கங்காணி மாமா, அவர் சம்சாரம், தங்கவேலு. மாமா கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. அவருக்கென்று கணக்கப்பிள்ளை வீட்டில் இருந்து கை வைத்த நாற்காலி இரவல் வாங்கியிருந்தோம். அவ்வளவு பெரிய நாற்காலியைப் போட அந்தக் காம்பராவில் ஒரே இடம்தான் இருந்தது. குசினிக் கதவுக்கு முதுகைக் காட்டி, ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறக்க இடம் விட்டு.

குசினியில் நான் அம்மாவின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, விளிம்பு வரை நிரம்பிய ஆறு டம்ளரைத் தட்டில் வைத்துத் தூக்கினேன். "தங்கச்சி, வரலாம்" என்று அண்ணன் குரல் கொடுத்தான். எனக்கு நெஞ்சு படபடத்தது. படபடத்தால் மனிதர்கள் பழகியதைத்தான் செய்வார்கள்.

முழங்காலை உயர்த்தினேன். ஒரு கணம் நிறுத்தினேன். உதைத்தேன்.

நாலு வருட மழைக்குச் சேர்த்து வைத்த பலம் அது. கதவு நாற்காலியின் முதுகில் மோதியது. நாற்காலி மாமாவோடு முன்னால் கிளம்பி, நடுவில் நின்று, மாமாவை மட்டும் அனுப்பிவைத்தது. அவர் வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் முழங்காலில் போய் விழுந்தார், சாமி கும்பிடுகிற மாதிரியே. தலைப்பாகை பறந்து தங்கவேலுவின் மடியில் உட்கார்ந்தது. வாழைப்பழச் சீப்பு ஒன்று வாசல் வரை போனது.

நிலையில் நான் நின்றேன். இரண்டு கையிலும் தட்டு. வலது கால் இன்னும் மேலே. ஆறு டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. (இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.)

ஜன்னலுக்கு வெளியே ஒளிந்திருந்த அண்ணனின் கூட்டாளிகள் இரண்டு பேரும் தங்களை மறந்து விசிலடித்தார்கள். "ஒத்தக்காலேய்!"

மாமா எழுந்தார். தலைப்பாகையை வாங்கி வைத்துக்கொண்டார். "அடக்கமான புள்ளைன்னாங்க" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"கதவ ஒதைச்சது தப்புதாங்க மாமா. கை நெறைய தட்டு இருந்துச்சு" என்றேன்.

"யாரு தாயி ஒனக்கு இதப் பழக்குனது?"

"ஒத்தக்கால் மாஸ்டருங்க."

"சரி. இன்னையோட அந்த ஆள மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நடந்தது நடந்ததா போகட்டும்."

நல்ல பெண் என்றால் தலையைக் குனிந்து சரி என்றிருப்பாள். ஒரு வார்த்தைதான். ஆனால் எனக்கு வாயில் வரவில்லை. "அவர மட்டும் என்னால விட முடியாதுங்க" என்றேன்.

மாமாவின் முகம் கறுத்தது. "அப்ப ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தங்கவேலு பதறிப்போய், "ஐயோ மாமா, அது சினிமாவுல வாற ஆளு. சீனாக்காரரு" என்றார்.

"சீனாக்காரனா!" என்றார் மாமா. உள்ளூர்க்காரனாக இருந்திருந்தாலாவது பேசித் தீர்த்திருக்கலாம் என்கிற தொனி. நிலைமையைச் சமாளிக்க அண்ணன் எழுந்து, மாஸ்டர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று விளக்கத் தொடங்கினான். விளக்கத்தின் நடுவில் முழங்காலையும் உயர்த்தினான். மாமா இரண்டடி பின்னால் போனார்.

எங்கள் பக்கத்தில் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். மாமா தேத்தண்ணியைத் தொடவில்லை. சம்சாரத்தையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். தங்கவேலு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அம்மா முன்கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று அழுதார். நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். மாஸ்டரை விட்டுக்கொடுக்காதது சரிதான் என்று தோன்றியது. ஆனால் அந்தக் கருப்பட்டித் துண்டை நினைத்தால் தாங்கவில்லை. ஆறு டம்ளரும் தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தன.

வெளியே மழை பிடித்தது. அப்போதுதான் பார்த்தேன், மாமாவின் குடை சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருமல் கேட்டது. கதவை யாரும் தள்ளவில்லை. மறுபடி ஒரு செருமல். பிறகு மாமாவின் குரல், கதவில் இருந்து நன்றாகத் தள்ளி நின்று:

"தாயி, காலு எங்க இருக்கு?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். "தரையிலதாங்க இருக்கு."

வெளியே மாமாவின் சம்சாரம் முதலில் சிரித்தார். வீட்டில் இருந்து பஸ் ரோடு வரைக்கும் அடக்கிக்கொண்டே வந்த சிரிப்பு போலிருக்கிறது, நிறுத்தவே முடியவில்லை. அதைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் திறந்தால் மாமா சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறார், மீசை துடிக்கிறது. அவரும் சிரித்துவிட்டார். குடையை எடுத்துவரத் தான் போவதாக மருமகன் கெஞ்சியிருக்கிறார். அந்தக் கெஞ்சலில் சந்தேகப்பட்டுத்தான் மாமா தானே வந்தாராம். பின்னாலேயே தங்கவேலுவும் வந்து நின்றார்.

மாமா நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். "அந்தத் தேத்தண்ணியக் குடுங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறிப்போச்சுங்க மாமா. வேற போட்டுக் கொண்டாறேன்."

"வேணாந் தாயி, வேணாம். மறுபடி அந்தக் கதவு வழியாத்தான வருவ" என்று ஆறின தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

அப்படித்தான் என் கல்யாணம் முடிவானது. பையன் ஏதாவது பேச வேண்டுமா என்று மாமா கேட்டார். தங்கவேலு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "படம் முடியிறதுக்கு முந்தியே ஏங்க எப்பவும் வெளிய வந்துர்றீங்க?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நான் அந்தக் கடைசிப் பத்து நிமிசம் மட்டுந்தாங்க பாத்திருக்கேன். மத்த நாளுல எங்க கடை டம்ளரப் பொறுக்க உள்ள விடுவாங்கள்ல, அப்ப. அவரு கடைசியில..."

"சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்தினேன்.

"சொல்லலங்க" என்றார். "எப்பவும் சொல்ல மாட்டேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். கோபம் உச்சிக்கு ஏறும்போது, "முடிவச் சொல்லிப்புடுவேன் பாத்துக்க" என்று மிரட்டுவார். இதுவரை சொன்னதில்லை. அந்த ஒன்றுக்காகவே மற்றதையெல்லாம் மன்னித்து வைத்திருக்கிறேன்.

கங்காணி மாமா இருந்தவரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் தொடுமுன் அதே கேள்வியைக் கேட்டார். இப்போது எங்கள் குடும்பம் முழுக்கக் கேட்கிறது. மருமகள் வந்த புதிதில், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஆளாளுக்கு இப்படிக் கேட்பதைப் பார்த்துப் பயந்தே போனாள்.

போன மாதம் மகன் தன் போனில் மாஸ்டரின் படம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டான். என் வீட்டுக்காரர் முதல் தடவையாக ஆரம்பத்தில் இருந்து பார்த்தார். முழங்கால் உயர்ந்து நின்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய ஆளா இவரு!" என்றார். பத்து நிமிடம் இருக்கும்போது நான் வழக்கம்போல எழுந்து குசினிக்குப் போனேன். பின்னாலேயே அவரும் எழுந்து வந்துவிட்டார். "என்னாலயும் அதப் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கேத்தலை அடுப்பில் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

"இனிமேத்தான் சண்டையே, ரெண்டு பேரும் எங்க போனீங்க?" என்று மகன் கத்தினான். பிறகு கதவுக்கு வெளியே வந்து நின்று செருமினான். "அம்மா, காலு எங்க இருக்கு?"

"தரையிலதான்டா இருக்கு" என்றேன். "இப்போதைக்கு."