தலையணை உறைக்குள் ஒரு கண்டுபிடிப்பு

"எதிர்வீட்டு அக்கா பார்த்துட்டாங்கடி!"

அம்மா போட்ட சத்தத்தில் வக்கீலம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வக்கீலம்மா என்பது வீட்டார் வைத்த பட்டம். சட்டப் படிப்பில் இன்னும் கடைசி வருடம் பாக்கி. காப்புரிமை வக்கீலாக விரும்பும் மாணவர் ஒருவருக்கு ஓர் அறக்கட்டளை அந்த வருடப் படிப்புச் செலவைத் தருகிறது. கூடவே, அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட சீனியர் அம்மாளிடம் தொழில் பழகும் வாய்ப்பு. கிடைக்காவிட்டால் அப்பாவின் தையல் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. வெளியார் யாரும் பார்த்திராத ஒரு புதுப் பொருளைக் கொண்டுவந்து, அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும்.

பொருள் அப்பா தைத்தது. நனைந்த குடையைச் செருகினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே விடாத பை. அப்பா அதை மாடியில் சோதித்துவிட்டு, தலையணை உறைக்குள் ஒளித்துத் திருட்டுப் பூனை மாதிரி இறங்கும்போதுதான் அக்கா எதிரே வந்திருக்கிறார்.

"வெளியார் பார்த்தா புதுசுங்கிறதே போச்சுப்பா!"

"நானா கூப்பிட்டுக் காட்டினேன்? நீதானே வக்கீல், ஏதாவது பண்ணு."

வக்கீலம்மா ஒரு ரகசிய ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, நீங்க பார்த்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. "பார்த்தேன், பார்த்தேன். எங்க போடணும்?"

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. ரகசியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ரகசியம் ஒன்றில் தாம் கையெழுத்துப் போட்டிருப்பதை மட்டும் கட்டடம் முழுக்கச் சொன்னார்.

சாயங்காலம் மேல்வீட்டு மாமா கதவைத் தட்டினார். "நானும் ஜன்னல் வழியாப் பார்த்தேம்மா. எனக்குப் பேப்பர் கிடையாதா?"

அவர் பின்னால் வாட்ச்மேன். "காவலுக்கு நிக்கிறவன் பார்க்காம இருப்பேனா?"

வக்கீலம்மா பொருளைத் தையல் கடைக்கு மாற்றினாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். வேடிக்கைக்கு வருகிறவர்களைத் தடுக்க, 'பார்த்தவர்கள் மட்டும்' என்று எழுதிக் கடைக் கதவில் ஒட்டினாள். மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது.

"இவ்வளவு கூட்டம் துணி தைக்க வந்திருந்தா நான் எப்பவோ பணக்காரன்" என்றார் அப்பா.

நேர்முகத் தேர்வுக்கு அக்காவும் வந்தார். தைரியம் சொல்லத்தான் என்றார். வக்கீலம்மா தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீனியர் அம்மாள் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கே. இதை வெளியார் யாரும் பார்க்கலையே?"

பொய் சொல்ல வக்கீலம்மாவுக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "தெருவே பார்த்திடுச்சு மேடம். ஆனா எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன்."

"பார்க்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான்..."

சீனியர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை என்கூட வெச்சுக்க எனக்கு ரொம்ப ஆசைம்மா. ஆனா ஒரே ஒருத்தர் முன்னாடியே பார்த்திருந்தாலும் விதிப்படி என்னால முடியாது. நீ தெருவையே கூட்டிட்டு வந்திருக்கே."

வக்கீலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் பட்டன் டப்பா தெரிந்தது.

கதவோரம் நின்ற அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஐயோ மேடம், நாங்க எங்க பார்த்தோம்? கையெழுத்து போட்டா காட்டுவான்னு நம்பி தெருவே பொய் சொன்னோம். அந்த உறைக்குள்ள என்னதான் இருக்குன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்களேன்!"