பொருள்: குழந்தையின் பால் மாற்றக் கோருதல்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தமிழில் பிழை கிடையாது.

கல்மண்டபத்து மக்கள் உதவி மையத்தின் வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். உள்ளே இடது ஜன்னலில் பிறப்புச் சான்று தருவார்கள், வலது ஜன்னலில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் தருவார்கள். நடுவில் உட்கார்ந்து எந்த மனு எந்த ஜன்னலுக்கு என்று தீர்ப்பு சொல்லும் மகானுபாவர் பெயர் பக்தவச்சலம். மனுவில் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே அவர் படிப்பதில்லை. படித்தால் வேலை சேர்ந்துவிடுமாம்.

சினேகா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். புருஷன் பெயர் வெற்றி, விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. கடையில் டின் வாங்க வழியில்லை, மையம் தருவதுதான் கதி.

"இந்த டின்னு கீர்த்திக்கு ஒத்துக்கலண்ணா. குடிச்சவொடனே கக்கிடுது. வயிறு கல்லு மாரி ஆயி, கத்திகினே கீது. என்னால பாக்க முடியல. வேற டின்னு குடுக்கச் சொல்லி டாக்டரம்மா சீட்டு குட்த்துக்கிறாங்கோ. பவுடர் மாத்தணும்னு எய்து."

"பவுடரா! உள்ளே தூய தமிழ் வாரம் கொண்டாடுகிறார்கள். டின், பவுடர் என்றெல்லாம் எழுதினால் மனு குப்பைக்குப் போகும்" என்று சொல்லி, கம்பீரமாக எழுதினேன்:

"பொருள்: என் பெண் குழந்தை கீர்த்தியின் பால் அவளுக்கு ஒவ்வாத காரணத்தால், அதனை மாற்றித் தரக் கோருதல்."

எவனாவது இதில் ஒரு ஒற்றுப்பிழை காட்டட்டும், பார்ப்போம்!

பக்தவச்சலம் மனுவைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"ஒத்துக்கலையா?"

"பொறந்ததுலேந்தே ஒத்துக்கல சார்."

"வீட்டுக்காரருக்குச் சம்மதமா?"

"அவருதான் சார் போய் மாத்திகினு வான்னாரு."

"எதுவாக மாற்ற?"

"இப்போ கீறதத் தவிர எதுனா குடுங்க சார், புண்ணியமாப் பூடும்."

"எதுனா எல்லாம் தர முடியாதும்மா. விதிப்படி அடுத்தது எதுவோ அதைப் போடுகிறேன்."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'தங்கள் மனு பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, கோரியவாறே பால் மாற்றம் செய்யப்பட்டது.' சினேகா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இடது ஜன்னலில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பெயர்: கீர்த்தி. பால்: ஆண்.

"இன்னா சார் இது? டின்னு எங்க? இது பொண்ணு சார்!"

"போன வாரம் வரைக்கும்" என்றார் பக்தவச்சலம்.

அதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது. பொண்ணு என்று கேள்விப்பட்டதிலிருந்து வாசப்படி மிதிக்காத மாமனார் சுப்புராயன், வெள்ளி அரைஞாணும் ஒரு கிலோ லட்டுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். "என் வம்சம்டா!" என்று பிள்ளையை வாங்கி உச்சிமோந்தார். சினேகா குறுக்கே பாய்ந்தாள்.

"ஆபீசுல தப்பா போட்டுக்கிறான் மாமா. துணிய அவுத்துப் பாருங்க!"

"கெவுருமெண்டே சீல் குத்திக் குட்த்துக்கிறான். நான் எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் சுப்புராயன். அவர் சட்டை மேலேயே பிள்ளை கக்கியது. சிங்கக்குட்டி என்று மெச்சிக்கொண்டார்.

சினேகா நேரே என்னிடம் வந்தாள். அவள் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது இங்கே வேண்டாம். "பொண்ண ஆம்பளயாக்கி வுட்டியே, ஒய்ங்கா மாத்தி எய்து!" என்றாள்.

எழுதினேன்: "பொருள்: குழந்தையின் தற்போதைய பால் பொருத்தமற்றது, உரிய பாலை வழங்கக் கோருதல்."

இதற்கிடையில் முதல் மனுவின் கதை மேலிடம் வரை போய் நாறி, 'இனி பால் எனில் குடிக்கும் பால் என்றே பொருள் கொள்க' என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பக்தவச்சலம் மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வலது ஜன்னலுக்குத் தள்ளினார். அங்கே டாக்டரம்மா எழுதின அதே டின்னைக் கொடுத்தார்கள். கீர்த்தி குடித்தது, ஏப்பம் விட்டது, கக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை அழாமல் தூங்கியதாம். சொல்லும்போது சினேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

"பால் சரியாப் போச்சு. இனி பேப்பர்ல என் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எய்துண்ணா" என்றாள்.

"கொஞ்சம் நில்லும்மா, உனக்கு முன்னால் ஆள் இருக்கிறது" என்றேன். என் மேசை முன்னால் காலையிலிருந்தே வரிசை. எல்லாம் அவள் தெரு ஆட்கள், ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெண் குழந்தை. முதல் ஆள் பிரகாஷ்.

"நம்ம பாப்பாக்கும் பால் மாத்தணும் ரைட்டரே. கீர்த்திக்கு மொதல்ல ஒண்ணு எய்தினியே, அத்தையே எய்து."

"ஏன், இதுவும் கக்குகிறதா?"

"சேச்சே, புள்ளைக்கு எல்லாம் நல்லா ஒத்துகினுதான் கீது" என்றான் பிரகாஷ். "வூட்டுலதான் ஒர்த்தருக்கும் ஒத்துக்கல."