இரண்டு சால்வையும் ஒரு சாக்கடையும்

என்னைப் போன்ற முட்டாளைத் தேடித்தான் கட்சிக்காரர்கள் தெருத் தெருவாக வருகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் திறமையைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

பெங்களூர் விவேக் நகரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் ஸ்டெல்லா அக்கா. மழை பெய்தால் தெருச் சாக்கடை நேராக அவர் சமையலறைக்குள் வந்துவிடும். அதைச் சரிசெய்யத் தெருவாசிகள் சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் என்பதால் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர்கள் 'குடிமக்களோடு கலந்துரையாடல்' என்று மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சாக்கடைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் தலையில் மைசூர்த் தலைப்பாகை, தோளில் சால்வை, கையில் பழத்தட்டு. (பெங்களூரில் ஒருவரைப் பேசவிடாமல் செய்ய இதைவிட மரியாதையான வழி கிடையாது.) போட்டோவுக்குச் சிரித்தேன். கேசரி பாத் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் தெருமுனை ஃபிளெக்ஸில் என் முகம். கீழே கன்னடத்தில் ஏதோ வரி. நான் கட்சியில் சேர்ந்துவிட்டதாக என் மனைவி வாசித்துச் சொன்னாள்.

பதறிப்போய், நான் நடுநிலை என்று நிரூபிக்க எதிர்க்கட்சி ஆபீசுக்கு ஓடினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் உள்பக்கம் திரும்பி, "சார் மனசு மாறி நம்மகிட்ட வந்துட்டாரு" என்றார். இன்னொரு தலைப்பாகையும் சால்வையும் வந்தன.

இப்போது தெருமுனையில் இரண்டு ஃபிளெக்ஸ். இரண்டிலும் அதே அசட்டுச் சிரிப்பு. அவர்களுக்கு நான் துரோகி, இவர்களுக்கு உளவாளி. சாக்கடையைத் தூர்வார வண்டி கேட்டுப் போன் செய்தால், இரண்டு பக்கமும் ஒரே பதில்: உங்க ஆளுங்களையே கேளுங்க சார்.

(இன்றைக்கும் ஏதாவது கல்யாணத்துக்குக் கிளம்பினால், "மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா, இங்கேயே முடிவு பண்ணிக்கிட்டு வாங்க" என்கிறாள் மனைவி.)

இரண்டாவது ஃபிளெக்ஸ் ஏறிய அன்று சாயங்காலமே மழை கொட்டியது. கீழே ஓடினேன். முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்று ஸ்டெல்லா அக்கா மிக்ஸியைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விளக்கினேன்.

"எனக்கே ஒண்ணும் புரியலக்கா. நான் இப்ப எந்தக் கட்சி?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, வாளியப் புடி."