தசகண்டனைச் சாகவிடாததற்கு நான் கேட்காத மன்னிப்பு

தோன்புரி,
கால்வாய்க் கரை, பழைய படகுத்துறைக்கு எதிர்வீடு.
வியாழக்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிக்க, பொற்கின்னரி கலையரங்கத்தின் மேலாளர் குன் வீரயுத் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ஆற்றுப்படகு நடத்துநர் சங்குவான் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். என் மகள் குங் நிறைமாதமாக இருக்கிறாள், அவளும் நலம். தங்கள் நலமும், தங்கள் வீட்டார் நலமும், அரங்க முற்றத்தில் நின்று சுற்றுலாக்காரர்களிடம் வாழைப்பழம் வாங்கித் தின்னும் யானையின் நலமும் அறிய ஆவல்.

நான் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் என் மருமகன் உவானிடமிருந்து தசகண்டன் வேடத்தைப் பறித்துவிடுவேன், அவன் மறுபடியும் அரக்கர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கதாயுதம் சுழற்ற வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எழுதிவிட்டேன். இதுதான் அந்தக் கடிதம். இதில் மன்னிப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டாம், இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உவானுக்குத் தசகண்டன் வேடம் கிடைத்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. என் மனைவி முழுப் பன்றித்தலை அவித்து, ஆட்டக்காரர்களுக்கெல்லாம் குருவான முனிவர் முகமூடிக்கு முன்னால் படைக்கச் சொல்லி உங்கள் அரங்கத்துக்கே அனுப்பினாள். தாங்களும் அதில் காதுப் பக்கம் சாப்பிட்டதாகக் கேள்வி. பத்துத் தலை, பச்சை முகம், இலங்கைக்கே ராஜா, என் மருமகன்! அப்படிப்பட்டவன் கொஞ்ச நாளாகப் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தான். குனிந்த தலை நிமிர்வதில்லை. வந்ததும் என் மகள் காலடியில் உட்கார்ந்துகொள்வான். வேலையில் ஏதோ அவமானம் என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. கடைசியில் மீன் விற்க வந்தவள்தான் சொன்னாள்: "சங்குவான் அண்ணே, உங்க மருமவனைத் தினமும் மேடையிலேயே கொல்றாங்களாமே, என் தங்கச்சி மவன் அங்க முரசு அடிக்கிறான், சொன்னான்."

ஐயா, எனக்குக் கையிலிருந்த மீன் கீழே விழுந்துவிட்டது. தசகண்டனை மேடையில் சாகடிக்கக் கூடாது என்பது உங்கள் யானைக்குக்கூடத் தெரியும். அம்பு படும், தள்ளாடுவான், கோட்டைக்குள் போவான், திரை விழும், அவ்வளவுதான். மிச்சத்தை அவரவர் வீட்டில் போய் நினைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் அவன் பிணமாகக் கிடந்தால் ஆடுகிறவனுக்கும் ஆகாது, ஆட்டுவிக்கிறவனுக்கும் ஆகாது. அதுவும் வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி. வாயும் வயிறுமாக இருப்பவள் துக்க வீட்டுக்குப் போனாலே, கெட்டது அண்டாமலிருக்கச் சட்டையில் ஊக்குக் குத்தித்தான் அனுப்புகிறோம். இங்கே அவள் புருஷனே தினமும் ஒரு தரம் செத்துவிட்டு வந்து பக்கத்தில் படுக்கிறான். அன்று முதல் ஆட்ட நேரம் வந்தால் நானே என் மகளுக்கு ஊக்குக் குத்திவிட்டேன். "அப்பா, இது என் நல்ல சட்டை" என்றாள். குத்தினேன்.

உவானிடம் கேட்டால் ஒழுங்காகப் பதில் இல்லை. "மாமா, அது சுற்றுலாக்காரங்களுக்குச் சுருக்கிப் போடுற ஆட்டம். நீங்க வர வேணாம், உங்களுக்குப் பிடிக்காது" என்றான். வர வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் எப்படி வராமல் இருப்பேன்? வேலை பார்ப்பவர்களின் சொந்தக்காரர்கள் வரும் பின்வாசல் எனக்கு வேண்டாம், என்னைப் பார்த்தால் கொல்வதை மறைத்துவிடுவார்கள் என்று, சனிக்கிழமை நான் சுற்றுலாக்காரனாகவே வந்தேன். யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா. கேமரா வேலை செய்யாது, அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். வாசலில் உங்கள் அரங்கத்துப் பெண் பிள்ளை மாலை போட்டு நாலு பாஷையில் வரவேற்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தோன்புரிப் பேச்சு வந்துவிடும். இரண்டு பக்கமும் கிரீடம் வைத்த பெண்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் நீங்கள் இப்போது "இவரை உள்ளே விடாதீர்கள்" என்று வாசலில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஒட்டியது ஒட்டினீர்கள், கண் மூடாத படமாகப் பார்த்து ஒட்டியிருக்கலாம்.

காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதில் உலகத்து மொழியெல்லாம் இருந்தது, நம் மொழியைத் தவிர. எங்கள் ஊர்க் கதையை, எங்கள் ஊர் மேடையில், எங்கள் மருமகன் ஆட, நான் ஏதோ ஒரு கொடியைப் பார்த்து அமுக்கி, ஆட்டம் முழுக்க யாரோ ஒரு அம்மாள் என்னைத் திட்டுவது போலவே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பித்தளை நகம் மாட்டிய வடக்கத்திப் பெண்கள் ஆடினார்கள், நன்றாக இருந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் ஒருவரையொருவர் அடிக்காமல் அடித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. பிறகு வட்டமாகச் சுற்றி ஆட சுற்றுலாக்காரர்களை மேடைக்கு அழைத்தீர்கள். பக்கத்து இருக்கையில் இருந்த ஆறடி வெள்ளைக்கார அம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். முரசுச் சத்தம் கேட்டதும் எனக்கு வேடம் மறந்துவிட்டது. கோயில் திருவிழாவில் ஆடுகிற மாதிரி விரலை வளைத்து ஆடிவிட்டேன். இறங்கும்போது வாசலில் மாலை போட்ட அந்தப் பெண் பிள்ளை கிட்டே வந்து, "மாமா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். "நார்வே" என்றேன். "நார்வேல எந்தக் கால்வாய்க் கரை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். கெட்டிக்காரப் பெண், அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

அதற்கப்புறம் வந்தான் ஐயா, என் மருமகன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெப்பரப்பே என்று நிற்கிற பிள்ளையா இது! முழங்காலை மடக்கி, காலைத் தூக்கி வைத்தால் பலகை அதிர்கிறது. பெருமையில் எழுந்து நின்று அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் "மை சன்" என்றேன். அந்த நேரம் பார்த்து ராமன் அம்பை விட்டான். அந்த வெள்ளைக் குரங்கு, நம் ஊர்க் கதையில் பெண்களைக் கண்டால் பல்லைக் காட்டுகிற அந்த அனுமன், தசகண்டன் தன் உயிரைக் கழற்றி ஒளித்து வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் நசுக்கினான். உவான் தடாலென்று விழுந்தான். முகமூடி ஒரு பக்கம் சாய, கை விரிய, பிணம் மாதிரிக் கிடந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்கள் ஐயா!

என்னிடம் என் விசில் இருந்தது. ஆயுள் முழுக்கப் படகின் பின்பக்கம் நின்று ஊதிய விசில், அதில்லாமல் நான் கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை. ஊதினேன். படகைப் பின்னுக்கு எடு, துறையை விட்டுக் கிளம்பப் போகிறோம் என்று ஊதுகிற நீள விசில். உவான் என் மகளைப் பார்க்கவென்றே என் படகில் ஏறிய காலத்தில் இந்த விசிலைக் கேட்டால்தான் துறையில் குதித்து ஓடுவான். அந்தப் பழக்கம் விடுமா? செத்துக் கிடந்த தசகண்டன் துள்ளி எழுந்தான். எழுந்தவன் நான் நிற்பதைப் பார்த்துவிட்டான். நல்ல வளர்ப்பு, மாமனாரைக் கண்டால் கும்பிட வேண்டுமே! இலங்கை வேந்தன் இரண்டு கையையும் நெற்றிக்கு மேல் தூக்கி என்னைக் கும்பிட்டான். நான், "எந்திரிச்சுக் கோட்டைக்குள்ள போடா! உன் பொண்டாட்டி ஊக்கோட உக்காந்திருக்கா!" என்று கத்தினேன். கதைப் பாட்டுக்காரப் பெரியவர் மட்டும் விவரமானவர். "வானத்திலிருந்து சங்கொலி கேட்டு வேந்தன் மூர்ச்சை தெளிந்தான்" என்று அவர் பாட்டுக்கு இழுத்துப் பாடிவிட்டார். முரசுக்காரர்கள் சண்டைத் தாளம் எடுத்தார்கள். ராமன் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டான். கடைசியில் உவான் முறைப்படி தள்ளாடிக் கோட்டைக்குள் போனான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடிந்து முற்றத்தில் ராஜாவாக நின்று எல்லாரோடும் படம் எடுத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அவன் நிமிர்ந்த தலையோடு, தாமதமாக வீட்டுக்கு வந்தான்.

அதற்குத் தாங்கள் என்னை அறைக்குள் கூப்பிட்டு என்ன சொன்னீர்கள்? "பெரியவரே, இவங்க எல்லாம் கப்பல்ல போய்ச் சாப்பிடணும். நேரத்துக்கு அரக்கன் செத்தாகணும். மேடையில சாகக் கூடாதுங்கிறது இவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றீர்கள். "முனிவர் முகமூடிக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். உடனே காவலாளியைக் கூப்பிட்டீர்கள். அதன் பிறகு நான் தொலைபேசியில் அழைத்து மரியாதையாகவே பேசினேன், பலமுறை பேசினேன், என் எண்ணையே தடுத்து வைத்துவிட்டீர்கள். சனிக்கிழமைக்குப் பிறகும் தினமும் கொன்றுகொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேடத்தைப் பிடுங்குவதானால் பிடுங்குங்கள். என் மருமகன் கடைசி வரிசை அரக்கனாக உயிரோடு நிற்கட்டும். ராஜாவாகச் சாக வேண்டாம். என் மூச்சும் விசிலும் இருக்கிற வரைக்கும் தசகண்டனை மேடையில் சாகவிட மாட்டேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நீண்ட ஆயுளோடும், செழிப்போடும், கொஞ்சம் அறிவோடும் வாழ புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகள் அருள் புரியட்டும். யானைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தலை வணங்காத,
சங்குவான்.

பின்குறிப்பு: இன்று மதியம். கடிதத்தை உறையில் போடும் முன் என் மகளிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, அந்தச் சாவை அவரே கேட்டு வாங்கினாருப்பா. தசகண்டன் உயிரோட இருந்தா முற்றத்துல நின்னு கடைசி ஆள் வரைக்கும் படம் எடுத்துக்கணும். செத்துட்டா யாரும் தேட மாட்டாங்க. உடம்போட வச்சுத் தைச்ச உடுப்பைத் தையல் பிரிச்சுப் போட்டுட்டு, நேரா வந்து என் வீங்கின காலைப் பிடிச்சு விடுறார். மேலாளர்கிட்டக் கெஞ்சித்தான் சாவு வாங்கியிருக்கார். உங்ககிட்டச் சொன்னா விசில் ஊதுவீங்கன்னு சொல்லல" என்றாள். ஐயா, என்னிடமாவது தாங்கள் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டீர்கள். மன்னிக்க வேண்டும். மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் மன்னிக்க வேண்டும், யானை பற்றியது நீங்கலாக. சிரித்த சிரிப்பில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. உண்மையான வலி, என் மனைவி துணிப்பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். உவானுக்கு இந்நேரம் உடுப்பை உடம்போடு வைத்துத் தைத்திருப்பார்கள், தொலைபேசி எடுக்க மாட்டான். தாங்களும் என் அழைப்பை எடுக்க மாட்டீர்கள். என்னை வாசலில் விட மாட்டார்கள். அதனால் தெருமுனை மோட்டார் சைக்கிள்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முனிவர் முகமூடியிடம் நான் பிறகு வந்து பேசிக்கொள்கிறேன், அதற்கு இன்னொரு பன்றித்தலை ஆகும், ஆகட்டும். தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்: தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடு ஓர் ஆளை மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, இன்றைக்கு அவனை முதல் காட்சியிலேயே கொன்றுவிடுங்கள்.